செண்பகம் அக்காவுக்கு இரண்டு பேலட்

ரியாவின் குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். சொல்லத்தான் எனக்குப் பதில் வரவில்லை. என்னிடம் வேலை பழகி, என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். வங்காள மொழியில் படபடவென்று பேசுவாள். அவள் சொன்னது இதுதான்:

“பொத்தாதி, புது மென்பொருள் வந்தாச்சு. போன்ல கண்ணைப் படம் எடுத்தா அதுவே நிறங்களைப் பிரிச்சு பேலட் போட்டுக் குடுத்துடுது. பிரமாதமாப் பொருந்துது. ஆனா நேத்து ஒருத்தர் புதுக் கண்ணை மாட்டிப் பார்த்துட்டு ‘இது என் கண் இல்லை’ன்னு எழுந்து போயிட்டார். நிறத்துல ஒரு குறையும் இல்லை தீதி. நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?”

என் பெயர் பத்மா. வங்காளிகள் வாயில் அது பொத்தா ஆகிவிடும். ‘தி’, ‘தீதி’ என்றால் அக்கா. இந்தப் பெயருக்குப் பழகவே எனக்குப் பாதி உத்தியோகக் காலம் ஆயிற்று.

‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று ரியாவுக்கு அனுப்பினேன். அதிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் விடை இருக்கும் என்று சின்னவர்கள் எப்படித்தான் நம்புகிறார்களோ. எனக்கு வேலையில் இருந்தபோதாவது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. வெளியே வந்து யோசிக்க யோசிக்க அதுவும் போய்விட்டது.

நான் வேலை பார்த்தது செயற்கைக் கண் செய்யும் ஒரு சிறிய நிலையத்தில். சால்ட் லேக்கில், ஐடி அலுவலகங்களுக்கு நடுவே ஒரு மாடி. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்கள் வருவார்கள். நாங்கள் செய்து தரும் கண்ணால் பார்க்க முடியாது. அது எதிரே இருப்பவர்கள் பார்ப்பதற்கான கண். இமைக்குள் பொருந்தும் ஓடு போன்ற ஒரு துண்டு அக்ரிலிக், அதற்குள் ஒரு கருவிழி. அந்தக் கருவிழியின் நிறம் என் பொறுப்பு.

அதற்கு முன்னால் பவானிபூரில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்களின் முகப்பருவை அழிப்பது, மாப்பிள்ளைகளுக்கு முடி வளர்த்துவிடுவது. ஸ்டுடியோவை மூடியபோது இந்த வேலை இருப்பதாக யாரோ சொன்னார்கள், போனேன். நிலையத்தின் தலைவர் சன்யால்தா; ‘தா’ என்றால் அண்ணா. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “உங்க தமிழ் ஜனங்களோட கண் என்ன நிறம்?” கறுப்பு என்றேன். நாளையிலிருந்து வரச் சொன்னார். அது தப்பான பதில் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. பிறகு ஏன் என்னை எடுத்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

கறுப்புக் கண் என்று ஒன்று இல்லவே இல்லை. நடுவிலிருக்கும் பாவை மட்டும்தான் கறுப்பு. அதைச் சுற்றியிருப்பது பழுப்பு, பழுப்பிலும் ஒரு பழுப்பு இல்லை. முதலில் நல்ல கண்ணைப் படம் எடுப்போம். கன்னத்தருகே ஒரு சாம்பல் நிற அட்டை, பக்கவாட்டில் இரண்டு விளக்கு. பிளாஷ் கூடாது, அடித்தால் கண்ணில் விளக்குதான் தெரியும். கணினியில் முதல் வேலை அந்தச் சாம்பல் அட்டையைத் தொட்டு, ‘இதுதான் சாம்பல், மற்றதையெல்லாம் இதை வைத்துத் திருத்திக்கொள்’ என்று மென்பொருளுக்குச் சொல்வது. இரண்டாவது வேலை, அதனுடன் வரும் ஆயத்த நிறங்களை ஒன்று விடாமல் அழிப்பது. கிளிப்பச்சை, கத்திரிப்பூ, அசட்டு ரோஸ் என்று கட்டம் கட்டமாக நிற்கும். இருந்தால் கை அங்கேதான் போகும். இந்தக் கட்டங்களின் தொகுப்புக்குத்தான் பேலட் என்று பெயர். அது காலியாக இருக்க வேண்டும். வந்திருக்கும் மனிதருக்கென்று ஒவ்வொரு கட்டமாக நாம் நிரப்ப வேண்டும்.

நிறத்தை எடுக்க மென்பொருளில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு கருவி உண்டு. அதை வைத்து ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் ஏமாந்தோம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு புள்ளி ஆரஞ்சு, பக்கத்துப் புள்ளி நீலம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. சுற்றியுள்ள புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வெளி வளையத்தில் சில கட்டம், நடுப்பகுதியில் சில கட்டம், பாவையை ஒட்டிச் சில கட்டம். ஒவ்வொன்றுக்கும் பெயர். நான் வைத்த பெயரெல்லாம் அடுப்படிப் பெயர்கள்: கடுங்காப்பி, பால் விடாத டீ, வெல்லப்பாகு, புளித்தண்ணீர். எண் போட்டால் போதாதா என்று ரியா முனகுவாள். எண்ணைப் பார்த்து நாக்கில் ஒன்றும் ஊறவில்லையே அம்மா, நான் என்ன செய்ய.

இதோடு முடியாது. அந்தக் கட்டங்களைக் கொண்டு வரைந்த கருவிழியைக் காகிதத்தில் அச்சிட்டு, மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக்கை வைத்து மூடியதும் நிறம் கறுத்துப்போகும். வெல்லப்பாகு கடுங்காப்பி ஆகிவிடும். அதனால் என் பேலட்டில் எப்போதும் இரண்டு வரிசை இருக்கும். மேல்வரிசை கண்ணில் இருப்பது. கீழ்வரிசை, மூடிய பிறகு மேல்வரிசை போல ஆவதற்காக வேண்டுமென்றே வெளிறவைத்தது. கீழ்வரிசையைத் தனியாகப் பார்த்தால் யாருடைய கண்ணும் இல்லை. அதைத்தான் அச்சிட வேண்டும்.

அச்சிட்டதைச் சன்யால்தாவிடம் கொண்டுபோவேன். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். “டிவியில வர்ற மீனை வாங்க முடியுமா?” என்பார். காகித வட்டத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. “தேகா ஜாக்” என்பார், பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையில் எது பாராட்டு, எது திட்டு என்று பிரிக்கத் தெரியாமலேயே ஓய்வு பெற்றேன்.

கண்ணை மாட்டிய பிறகு அவர் விதி ஒன்று உண்டு. முதலில் கண்ணாடி கிடையாது. கூட வந்திருக்கும் வீட்டு மனிதர்தான் முதலில் பார்க்க வேண்டும். தினமும் அந்த முகத்தோடு சாப்பிட்டு எழுகிறவர் அவர்தானே, கண்ணாடிக்கு என்ன தெரியும் என்பது சன்யால்தாவின் வாதம். அதன் பிறகு கண்ணாடி. கடைசியாகத் தேர்வு: கீழே பொல்டுவின் டீக்கடைக்கு அந்த மனிதர் தனியாகப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்து வர வேண்டும். நாங்கள் மாடி ஜன்னலில் நின்று பார்ப்போம். பொல்டு இரண்டாம் தடவை முகத்தை உற்றுப் பார்த்தால் கண் தேறவில்லை. பார்க்காவிட்டால் தேறியது. பொல்டுவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விடைபெறும் நாளில் அவனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மண்குவளையை நீட்டிக்கொண்டே சொன்னான்: “மாடியிலேர்ந்து வர்றவங்களை நான் ஒரு தடவைதான் பார்ப்பேன் தீதி. ரெண்டு தடவை பார்த்தா பாவம், மனசு கஷ்டப்படும்ல?” அப்படியானால் அத்தனை வருஷம் தேறிய கண்களெல்லாம் உண்மையிலேயே தேறியவையா, அல்லது பொல்டுவின் நல்ல மனசா? இதை யாரிடம் போய்க் கேட்பது? சன்யால்தாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

செண்பகம் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அவர்கள் வந்தார்கள். செண்பகம் அக்காவும் அவர் கணவர் ஆறுமுகம் அண்ணாச்சியும் திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாற்றலில் வந்து, ஊரின் மறுகோடியில் கார்டன் ரீச்சிலேயே தங்கிவிட்டார்கள். அத்தனை தூரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது. “பொத்தா, உங்க ஆளுங்க” என்று சன்யால்தா என்னிடம் தள்ளிவிட்டார்.

அக்காவுக்கு வலது கண் இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு காளி பூஜை இரவில், தெருவில் விட்ட வெடி மாடிப்படியில் ஏறி வந்துவிட்டது. அப்போது அவசரத்துக்கு ஒரு தட்டிலிருந்து பொறுக்கி மாட்டிய ஆயத்தக் கண்ணோடுதான் இதுநாள் வரை இருந்திருக்கிறார். அது கன்னங்கறுப்பு. அவருடைய நல்ல கண்ணோ இளம் பழுப்பு, வெயிலில் தேன் மாதிரி. பார்த்த உடனே வித்தியாசம் தெரியும். இப்போது அந்தப் பழைய ஓடு தேய்ந்து, உள்ளே உறுத்திப் புண்ணாகத் தொடங்கியிருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

படம் எடுக்க உட்காரவைத்தபோது அண்ணாச்சி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் வலது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். என் விளக்கு இருக்கும் இடம் அது. தள்ளி உட்காரச் சொன்னேன். தள்ளினார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அங்கேயே வந்தார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்தபோது அக்கா சொன்னார்:

“அவுக எப்பவும் அந்தப் பக்கந்தாம்மா. ரோட்ல போனாலும் சரி, போட்டோவுக்கு நின்னாலும் சரி. என் கண்ண மறைக்கதுக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா எனக்குத் தெரியாதா, கூச்சமா இருக்கும்லா அவுகளுக்கும்.”

அண்ணாச்சிக்கு மறதி தொடங்கியிருந்தது. சந்தைக்குப் போனால் திரும்பும் வழி தெரிவதில்லை. மகன் பெயர் சில நாள் வருவதில்லை. “என்ன மட்டும் மறக்கல. ஏட்டின்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காக. அது போதும் எனக்கு” என்றார் அக்கா. மனைவியை உரிமையோடு கூப்பிடும் இந்த ‘ஏட்டி’ எங்கள் வீட்டுத் தமிழில் கிடையாது. அவர் சொன்னபோது அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தது.

அந்தக் கண்ணுக்கு நான் போட்ட பேலட்டைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளி வளையத்தில் பழுப்பே இல்லை, சாம்பலில் லேசாகப் பச்சை ஓடியது. பாவையை ஒட்டி வெல்லப்பாகு. இரண்டுக்கும் நடுவில் இருந்த நிறத்துக்குப் பெயரே கிடைக்கவில்லை. கடைசியில் குளிர்காலத்தில் இங்கே வரும் ஈச்ச வெல்லத்தை நினைத்து ‘நோலேன் குர்’ என்று வைத்தேன். அச்சிட்டு, மூடி, ஜன்னலில் பிடித்தபோது சன்யால்தா ‘தேகா ஜாக்’ என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை விழியில் ரத்த நாளங்களுக்காகச் சிவப்புப் பட்டு நூலிழைகளை அவரே உட்கார்ந்து ஒட்டினார்.

மாட்டும் நாள் வந்தது. அக்கா நிமிர்ந்தபோது எனக்கு எது பொய்க்கண் என்று ஒரு கணம் குழம்பிவிட்டது. விதிப்படி கண்ணாடி கொடுக்கவில்லை. அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டோம்.

அவர் வந்து அக்காவைப் பார்த்தார். உடனே கைகூப்பினார். “வாங்கம்மா, இருங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க வீட்டுக்காரி உள்ளதான இருக்கா? இன்னும் முடியலையா?” என்று கேட்டார்.

சன்யால்தாவுக்குத் தமிழ் தெரியாது. கைகூப்பியதைப் பார்த்துவிட்டு, மனிதர் சந்தோஷத்தில் நன்றி சொல்கிறார் என்று நினைத்து முகமெல்லாம் சிரிப்பாக அவரும் கைகூப்பினார். அக்கா மெதுவாக, “நாந்தான்” என்றார். “என்னங்க, நாந்தான்.” அண்ணாச்சி மரியாதையாகத் தலையாட்டினார். யாரோ ஒரு அம்மா ஏதோ சொல்கிறாள், வீட்டுக்காரி வரட்டும் என்கிற தலையாட்டல். “நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எடுத்துரு பத்மா. பழச மாட்டிவிடு. எடுத்துரு” என்றார். மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், புண்ணையும் பார்க்காமல் பழைய கறுப்பு ஓட்டை மாட்டினேன். வெளியே வந்தோம். அண்ணாச்சி எழுந்து நின்று கத்தினார்: “ஏட்டி, எங்கட்டிப் போன இவ்வளவு நேரமா?”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சன்யால்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆள் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று மாலை வரை எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். பழைய கண்ணின் நிறத்திலேயே புதிதாக ஒன்று செய்து கொடுத்துவிடலாம் என்றேன். பொருந்தாத கண்ணைத் தெரிந்தே செய்து வெளியே அனுப்புவதா என்றார். “நாம கண் செய்யற இடம் பொத்தா. அடையாளம் செய்யற இடம் இல்லை.” அப்படியானால் வீட்டு மனிதர் முதலில் பார்க்க வேண்டும் என்ற விதி எதற்கு என்று கேட்டுவிட்டேன். நான் கேட்டது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. அந்த விதி இல்லாமல் கண்ணாடியை முதலில் கொடுத்திருந்தால் அக்கா ஒரு நிமிஷமாவது சந்தோஷப்பட்டிருப்பாரே என்றுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

மறுநாள் காலையில் வந்ததும் சன்யால்தா, “இன்னொரு பேலட் போடுங்க. தேகா ஜாக்” என்றார்.

போடுவது எப்படி என்று தெரியவில்லை. உயிருள்ள கண்ணைப் பார்த்து நிறம் எடுத்துத்தான் பழக்கம். அடுத்த முறை வந்த அக்கா பழைய கண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பழைய ஓட்டை ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்துப் படம் எடுத்தேன். கீறல்கள், மங்கல், ஓரங்களில் மஞ்சள். இதில் எந்த நிறத்தை எடுப்பது? புதிதாக இருந்தபோது இருந்த கறுப்பையா, தேய்ந்த பிறகு இருக்கும் கறுப்பையா? அண்ணாச்சி எதைப் பார்த்து ஏட்டி என்கிறார்? கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அவரிடம் கேட்கவும் முடியாது. கடைசியில் இன்று இருப்பதையே எடுத்தேன், கீறல் பட்ட இடத்தின் வெளிறலையும் சேர்த்து. அத்தனை வருஷத்தில் பாவையைத் தவிர எங்கும் கறுப்பு வைக்காதவள் கட்டத்துக்குக் கட்டம் கறுப்பை வைத்தேன். கை ஒத்துழைக்கவேயில்லை. அந்தக் கட்டங்களுக்குப் பெயரும் வைக்கவில்லை.

இரண்டாவது கண்ணை மாட்டியபோது அண்ணாச்சி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். “ஏட்டி, பசிக்கி. வீட்டுக்குப் போவமா?” என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சன்யால்தா அக்காவை டீக்கடைக்கு அனுப்பவில்லை. என் காலத்தில் தேர்வு இல்லாமல் வெளியே போன கண் அது ஒன்றுதான். பொருந்திய கண்ணையும் ஒரு டப்பியில் பஞ்சு வைத்து அவரிடமே கொடுத்தோம். வேறு யாருக்கு ஆகும் அது? வேண்டாம் என்றார், பிறகு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். கறுப்புக் கண் கழுவும்போது கை நழுவித் தரையில் விழுந்து கீறிவிட்டது, மெருகேற்ற வேண்டும். அக்கா போட்டிருந்தது பொருந்திய கண். அண்ணாச்சி சற்றுத் தள்ளி, விருந்தாளியோடு வந்தவர்போல மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

“அவருக்குத் தெரியலையா அக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“தெரியல. இதப் போட்டா தெரியமாட்டேங்கி. மொத நாளு அழுகைதான் வந்துச்சு. அன்னைக்குக் கறுப்பு உறுத்துச்சு, வேற வழியில்லாமத்தான் போட்டேன். ‘வாங்கம்மா, இருங்க’ன்னாக. இருந்தேன். என்ன செஞ்சாக தெரியுமா? உள்ள போயி ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாக. கல்யாணமாயி இந்தன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு வாய் தண்ணி கொண்டாந்து குடுத்ததில்லம்மா அந்த மனுசன்.”

அக்கா சிரித்தார். பிறகு குரல் மாறிவிட்டது.

“குடுத்துட்டு, கிட்ட வந்து மெதுவாச் சொல்லுதாக. ‘எங்க வீட்டுக்காரி இப்ப வந்துருவா. ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. அவளுக்கு ஒரு கண்ணு வேற மாதிரி இருக்கும். உத்துப் பாத்துராதீங்கம்மா. சங்கடப்படுவா.’”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கறுப்புக் கண்ணப் போட்டா ஏட்டிங்காக. இதப் போட்டா என்னப் பத்தி எங்கிட்டயே சொல்லுதாக. இந்த வயசுக்கு அவுக வாயில கேக்காததெல்லாம் கேக்குதேன். சில நாளு, கறுப்பு உறுத்தாம நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும் இதப் போட்டுக்கிடுதேன். தப்பா பத்மா? எது வேணும்னு எனக்கே தெரியல.”

எனக்கு மட்டும் தெரியுமா? என் மிகச் சிறந்த பேலட் ஒரு மனைவியை அவள் கணவனுக்கு அந்நியமாக்கியது. மிக மோசமான பேலட் அவளைத் திருப்பிக் கொடுத்தது. சரி, பொருத்தம்தான் தப்பு என்று முடிவுகட்டி நான் கொஞ்சம் தேறியிருந்தேன். இப்போது அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

மெருகேற்றிய கறுப்புக் கண்ணை டப்பியில் வாங்கிக்கொண்டார், மாட்டிக்கொள்ளவில்லை. பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். அந்த நேரத்தில் சால்ட் லேக் சாலையில் அலுவலக வண்டிகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. அண்ணாச்சி எங்களுக்குப் பின்னால், அந்நியப் பெண்களோடு நடக்கும் ஆண்பிள்ளையின் இடைவெளி விட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். சாலையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. அவர் எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் வலது பக்கத்தில் நின்றார். ஒரு கையை அக்காவுக்கு முன்னால், தொடாமல், குறுக்கே நீட்டிப் பிடித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “அண்ணாச்சி, ஏன் அந்தப் பக்கம் வந்துட்டீங்க?” என்று கேட்டேன்.

இது கூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தார். “அவளுக்கு இந்தப் பக்கம் தெரியாதும்மா. பஸ்ஸு வரும்லா.”

“யாருக்கு?”

“எங்க வீட்டுக்காரிக்கு.” சொல்லிவிட்டு, கை யாருக்கு முன்னால் நீண்டிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். முகத்தில் குழப்பம் வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. “தெரியல... இது என் எடம்” என்றார்.

அக்காவால் அவரைப் பார்க்க முடியாது, அவர் நின்றது அந்தப் பக்கம். சாலையை நேராகப் பார்த்தபடி, குரல் வந்த திசையில் கையை நீட்டித் துழாவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் கடந்தோம்.

ரியாவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. ‘இது என் கண் இல்லை’ என்று எழுந்து போனவரோடு வீட்டிலிருந்து யாராவது வந்திருந்தார்களா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.